அவன் பெயரில் ஓடிய வேலைகள்

அவனை அடக்கம் செய்த அன்று காலையில் அவனிடமிருந்து எனக்கு மெயில் வந்தது.

குழித்துறையில் அவன் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. திருவனந்தபுரம் அலுவலகத்திலிருந்து வந்தவர்களும், என்னைப் போல வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுமாக எங்கள் குழுவினர் ஓரமாக ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பெண்கள் ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவரின் சட்டைப் பையிலும் அதிர்ந்தது. அடுத்து அவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு. வரிசை முழுக்க ஒரு சுற்று வந்து அடங்கியது. அது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தினமும் காலையில் அந்த நேரத்துக்கு வருவதுதான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

நான் எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர். பக்கத்தில் வட்டத்துக்குள் அவன் படம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. எங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசியில் அவன் எழுதிவைத்திருந்த ஒரே வரி: "எல்லாம் பத்திரமா இருக்கு மக்கா."

எங்கள் கம்பெனி சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் இணையம் வழியாக மென்பொருள் கொடுக்கிறது. அவர்கள் அதில் பதிந்து வைப்பதெல்லாம் எங்கோ தொலைவில் இருக்கும் சர்வர்களில் கிடக்கும். அந்தச் சர்வர்களை நானோ அவனோ ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவை விழாமல் ஓடுகின்றனவா, அவற்றில் இருப்பது தினமும் வேறோர் ஊரில் இன்னொரு நகலாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. நான் புதுக்கடையில் என் வீட்டு மாடியறையில் இருந்து பார்த்தேன். அவன் குழித்துறையில் ஆற்றுக்குப் பக்கத்தில், வெளிப்படிக்கட்டு வைத்த ஒரு மாடியறையில் இருந்து பார்த்தான். மின்சாரம் போனால் ஒருவருக்கொருவர் போன் செய்து, "எனக்கு இன்வெர்ட்டர் இறங்குது, கொஞ்சம் பாத்துக்கோ" என்போம். ரப்பர் மரம் சாய்ந்து கேபிள் அறுந்த நாட்களில் அவனுடைய வேலையை நானும், என்னுடையதை அவனும் பார்த்திருக்கிறோம்.

நகலெடுக்கும் வேலைகளுக்கான நிரல்களை எல்லாம் அவன்தான் எழுதினான். முடிந்ததும் தானாக ஒரு மெயில் போகும்படி செய்திருந்தான். மற்றவர்கள் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போகிற இடத்தில் அவன் அந்தத் தமிழ் வரியை எழுதினான். தமிழ் பேசினாலும் படிக்கத் தெரியாத மேலாளர்கூட நாளடைவில் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு, கூட்டங்களில் அவனைப் போலவே நீட்டிச் சொல்லிக் காட்டுவார்.

அவன் ஆற்றில் போனான். தினமும் காலையில் வேலைக்கு உட்காரும் முன் படித்துறைக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது அவன் பழக்கம். அந்த வாரம் மலையில் நல்ல மழை. ஆறு கலங்கி, கரை தொட்டு வந்துகொண்டிருந்தது. மறுநாள்தான் பாலத்துக்குக் கீழே வெகுதூரம் தள்ளி, கரையோரத்து வேர்களுக்கிடையில் கிடைத்தான்.

அடக்கம் முடிந்து அடுத்த வாரம் மேலாளர் அழைத்தார். ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ இறந்தாலோ அன்றைக்கே அவருடைய கணக்கை மூடிவிட வேண்டும் என்பது விதி. நான் ஏன் இன்னும் மூடவில்லை என்று கேட்டார்.

"மூடினா நகலெடுக்கிறது அத்தனையும் நின்னுரும் சார்," என்றேன். "எல்லா வேலையும் அவன் பெயர்லதான் ஓடுது."

அது உண்மை. கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் அவசரத்துக்கு அவன் தன் பெயரில் இருந்த கம்பெனிக் கணக்கிலேயே எல்லாவற்றையும் ஓடவிட்டிருந்தான். யாரும் பிறகு மாற்றவில்லை. சர்வர்களைப் பொறுத்தவரை அவன் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். தினமும் கதவைத் திறந்து, எல்லாவற்றையும் படியெடுத்து, பூட்டிவிட்டு, மெயில் போட்டுவிட்டுப் போனான்.

"ஒவ்வொண்ணா உன் பெயருக்கு மாத்து. எல்லாம் முடிஞ்சதும் மூடு," என்றார் மேலாளர்.

அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற முடியாது. ஒரு வாடிக்கையாளரை எடுத்து, என் பெயரில் ஓடவிட்டு, நகல் முழுதாக வந்து சேர்ந்ததா என்று திறந்து பார்த்து, அதன் பிறகு அவனுடையதை நிறுத்த வேண்டும். மறுநாள் காலை அவன் மெயிலில் ஒரு பெயர் குறைந்திருக்கும். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. கீழே இருக்கும் வரியில் மட்டும் மாற்றமில்லை. குழுவில் ஒருத்தி என்னிடம், "அக்கா, அந்த வரியையாவது எடுத்துவிடுங்களேன், காலையில பாக்க முடியல்ல," என்றாள். எடுப்பது ஒரு நிமிட வேலை. கோப்பைத் திறந்தேன். அவன் எழுத்துக்களைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

வேலை பாதியைத் தாண்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அவனுடைய கணக்கு எங்கெங்கே பயன்படுகிறது என்று பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகலெடுக்கும் வேலைகள் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் அவனுடைய லேப்டாப்பிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்திருந்தார். அது குழித்துறையில், அவன் வீட்டு இணைப்பில் இருந்தது. சரியான கடவுச்சொல், ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை. நுழைந்து, அந்த ஒரு மெயிலைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, வெளியேறியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை.

பகல் வெளிச்சத்தில், கீழே கணவர் குக்கர் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். எதற்குச் சாத்தினேன் என்று தெரியவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். உடனே கடவுச்சொல்லை மாற்று, லேப்டாப்பைத் திரும்ப வாங்கு என்றார். "நான் நேர்ல போயிட்டு வந்து மாத்துறேன் சார்," என்றேன்.

அவன் மனைவியை அடக்கத்தன்று தூரத்திலிருந்து பார்த்ததுதான். என்னைவிட வயதில் சின்னவள். கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவளே வெளியே வந்தாள். துணைக்கு வந்திருந்த அவளுடைய அம்மா சாயா கொண்டு வைத்துவிட்டு உள்ளே போனார்.

"லேப்டாப்புக்குத்தானே அக்கா வந்திய?" என்றாள்.

"ஆமா. அவசரமில்ல. ஒண்ணு கேக்கணும். காலையில அத நீ தொறக்கியா?"

"தொறக்கேன்." மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. "அவிய குளிக்கப் போவும்ப நான்தான் மேல போய்ப் போட்டு வைப்பேன். வந்து உக்காரும்ப சூடா சாயா இருக்கணும், கம்ப்யூட்டர் ஓடணும். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அது எனக்க பேருதான்."

நான் சாயாத் தம்ளரைக் கையில் எடுத்தேன்.

"அண்ணைக்கும் நான் போட்டு வச்சேன் அக்கா. லைட்டு, ஃபேனு எல்லாம். அவிய வந்து வெளிப்படி வழியா மேல போயிட்டாருன்னு நினச்சேன். மேல ஃபேன் ஓடுத சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துது. சோறு உண்ண வரல்லியேன்னு மத்தியானந்தான் போய்ப் பாத்தேன். அதுவரை போய்ப் பாக்கல்ல."

எனக்கும் அந்த நாள் நினைவு வந்தது. எங்கள் குழுவின் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் காலை முழுக்கப் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவன் இருக்கிறான் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவளுக்கு ஆறுதலா, இன்னும் பாரமா என்று தெரியாமல் சாயாவைக் குடித்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா அக்கா?" என்றாள் அவள். "அந்த மெயில்ல பேரு எல்லாம் கொறஞ்சு கொறஞ்சு வருதே, ஏன்?"

கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல எம்பிடு இருந்துது. நான் எல்லாத்தையும் வாசிப்பேன். ஆஸ்பத்திரிக்க பேரு, ஸ்கூலுக்க பேரு. எனக்கு இப்பம் காணாமலே தெரியும். பின்ன ஒவ்வொரு நாளும் ஒண்ணு ஒண்ணாக் காணல்ல. அவிய இல்லாததுனால ஆளுவ எல்லாம் உங்க கம்பெனிய விட்டுட்டுப் போறாவளோன்னு நினச்சேன். இல்லேன்னா அவியளுக்க வேல கெட்டுப் போவுதோன்னு."

"கெட்டுப் போவல்ல," என்றேன். "நான்தான் எடுக்கேன். எனக்க பேருக்கு மாத்துதேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை. தினமும் வாசலில் எதையோ எடுத்துப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்டவளைப் போன்ற ஒரு பார்வை.

"அப்பம் உங்க பேருலயும் காலையில மெயில் வருமா?"

"வரும்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"முடிஞ்சதுன்னு இங்கிலீஷ்ல ஒரு சொல்லு. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "இனி எத்தன பாக்கி?"

அது அவளுக்கே தெரியும். அன்றைக்குக் காலையிலும் வாசித்திருப்பாள்.

லேப்டாப்பை அன்று நான் எடுத்துக்கொண்டு வரவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்: கடைசிப் பெயரை எடுக்கிற அன்று தானும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலாளரிடம் போனில் சொன்னேன். விதிப்படி இது தப்பு என்றார். பிறகு, "சீக்கிரம் முடி," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த வேலை என் கைக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு பெயரை நிறுத்தும்போதும், நாளைக் காலையில் அந்த இடத்தில் அவள் கண் நின்று தேடும் என்று தோன்றும். இரண்டு நாள் ஒன்றையும் தொடாமல் விட்டேன். மூன்றாம் நாள் அவளே போன் செய்து, "அக்கா, சொகமில்லியா?" என்று கேட்டாள். அவ்வளவு கவனமாக அவள் அந்தப் பக்கம் இருந்தாள்.

கடைசியாக மிஞ்சியது வடக்கே ஏதோ மாநிலத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். சொன்னபடியே காலையில் போனேன். இருவரும் வெளிப்படிக்கட்டு வழியாக மேலே ஏறினோம். மேசைமேல் தூசி இல்லை. நாற்காலியின் சாய்வில் ஒரு தோர்த்துத் துண்டு காய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள் போலிருக்கிறது. அவனுடைய நாற்காலியில் உட்காராமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அந்தப் பக்கமாகப் போட்டு வைத்திருந்தாள்.

மெயில் வந்தது. ஒரே ஒரு பெயர். அதன் கீழே அவன் வரி.

"இந்த ஸ்கூலு எங்க இருக்கு அக்கா?"

"தெரியல்ல."

"அவியளுக்குத் தெரியுமாயிருக்கும்," என்றாள்.

நான் என்னுடைய லேப்டாப்பைத் திறந்து அந்தக் கடைசி வேலையை நிறுத்தினேன். பிறகு அவன் கணக்கை மூடினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த திரையில், மறுபடியும் உள்ளே நுழையச் சொல்லி ஒரு கட்டம் வந்து நின்றது. அவள் தன் பெயரைத் தானே அதில் அடித்துப் பார்த்தாள். தவறு என்று வந்தது. அவள் மூடியைச் சாத்தி, துணியால் ஒருமுறை துடைத்து, என் கையில் கொடுத்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்துத் தெருமுனை வரை போன பிறகு பின்னால் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "சார்ஜர் அக்கா," என்று நீட்டினாள்.

மறுநாள் காலை மெயில் வரவில்லை. அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கும் அடுத்த நாள் காலையில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்தேன். அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர். கம்பெனி முகவரி இல்லை, அவனுடைய சொந்த முகவரி.

"எனக்க சத்தத்தக் காணல்ல. ஆராவது வந்து பாருங்க மக்கா."

வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஈரத்துணியைத் தோளில் போட்டபடியே மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது என்னவென்று புத்திக்கு உடனே புரிந்துவிட்டது. உடம்புக்குத்தான் புரிய நேரமாயிற்று. நகலெடுக்கும் வேலை நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? மெயில் வராததை மனிதர்கள் கவனிக்காமல் இருந்துவிடலாம். அதனால் அவன் வேறோர் இடத்தில், தன் சொந்தக் கணக்கில், இன்னொரு சின்ன நிரலை உட்கார வைத்திருக்கிறான். தினமும் முதல் நிரல் பேசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் அதன் வேலை. பேசிக்கொண்டிருக்கும்வரை அது வாயைத் திறக்காது. பேச்சு நின்றால் ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, ஆளைக் கூப்பிடும். எங்கள் வேலையில் எல்லாரும் செய்கிற ஏற்பாடுதான் அது. நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

அது யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று மெயிலின் மேலே பார்த்தேன். எனக்கு ஒன்று. இன்னொன்று ஒரு போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக. அந்த எண் என் போனில் பதிந்திருந்தது. அவன் மனைவியுடையது. சர்வருக்கு ஏதாவது ஆனால் அவள் போனிலும் அடிக்கும்படி வைத்திருந்தான். தன்னை எழுப்பிவிட அவள் இருக்கிறாள் என்று.

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். மறுபடியும். கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். புதுக்கடைச் சந்தியில் மீன் வண்டிகள் வழியை அடைத்து நின்றன. அன்றைக்கென்று எல்லா வண்டியும் எனக்கு முன்னால்தான் போனது.

வீட்டில் அவளுடைய அம்மா மட்டும் இருந்தார்.

"போன்ல என்னமோ வந்துது, வாசிச்சா. பின்ன கொடையும் எடுத்துட்டு எறங்கிப் போனா. எங்கன்னு பறயல்ல மோளே," என்றார்.

நான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடினேன். படித்துறைக்குப் போகும் சரிவில் பாசி வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வடிந்து, கீழ்ப்படிகள் வெளியே தெரிந்தன. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இஞ்ச ஒரு பெண்ணு வந்தாளா? கையில கொடை வச்சிருந்தாளா?"

"ஆரும் வரல்லியே," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார். நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். அமைதியாக, பச்சையாக, ஒன்றும் தெரியாததுபோல அது போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு வெள்ளைத் துணி ஆடியது. அது துணிதான் என்று தெரியும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, கூப்பிட்டியளா? சத்தம் கொறச்சு வச்சிருந்தேன்."

"எங்க இருக்க நீ?"

"கல்லறத் தோட்டத்துல."

சர்ச்சுக்குப் பின்புறம் இருந்தது அது. நான் போனபோது அவள் குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கல் வைக்காத அந்த மண்மேட்டின் அருகில் நின்றிருந்தாள். மழையில் மண் இறங்கி ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. முளைத்திருந்த புல்லைக் கொஞ்சம் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தாள். விரல்களில் மண்.

நான் எப்படியோ பேச ஆரம்பித்தேன். அது ஒரு நிரல், தானாக ஓடுவது, அவன் முன்பே எழுதி வைத்தது, நான் முன்கூட்டியே தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"மெஷினுன்னு எனக்குத் தெரியும் அக்கா," என்றாள். "பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல்ல. அடக்கத்துக்கு அப்பறம் நான் இஞ்ச வரவே இல்ல. எல்லாரும் கூப்பிட்டாவ. கால் வரல்ல." மண்மேட்டைப் பார்த்தாள். "அண்ணைக்கு மத்தியானம் வரைக்கும் நான் போய்ப் பாக்கல்ல. இண்ணைக்கு, ஆராவது வந்து பாருங்கன்னு வந்துது. இந்தத் தடவ உடனே போவணும்னு தோணிச்சு. வந்து பாத்தேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் மண் படாத கையால் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்த நிரலை நிறுத்தாவிட்டால் அது நாளைக்கும் ஆளைக் கூப்பிடும். மறுநாளும் கூப்பிடும். பார்த்தாயிற்று என்று யாராவது பதில் சொல்லும்வரை அது விடாது. கம்பெனிக் கணக்கில் இல்லாததால் என்னால் அதை நிறுத்தவும் முடியாது. அவனுடைய சொந்தக் கணக்குக்குள் போக வேண்டும். அதற்கான எண் அவன் போனுக்குத்தான் வரும். அதைச் சொன்னதும் அவள் பையைத் திறந்து அவன் போனை எடுத்தாள். ஆற்றுக்குப் போகும்போது அவன் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து அவள் அதற்குச் சார்ஜ் போட்டு வந்திருக்கிறாள்.

சர்ச்சின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்தோம். என் போனில் அவன் கணக்கைத் திறந்தேன், கடவுச்சொல் இங்கும் அவள் பெயர்தான். அவன் போனுக்கு எண் வந்தது. அவள் ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள், நான் அடித்தேன். உள்ளே அந்தச் சின்ன நிரல் இருந்தது. அவன் எழுத்துதான். மேலே, எதற்காக இது என்று தனக்குத் தானே ஒரு குறிப்புகூட எழுதி வைத்திருந்தான். நான் நிறுத்துவதற்கான இடத்தைக் காட்டினேன்.

"நீ அமுக்குதியா, நான் அமுக்கட்டா?"

அவள் கையைச் சேலை நுனியில் துடைத்துக்கொண்டு, அமுக்கினாள்.

"இனி வராதுல்லா அக்கா?"

"வராது," என்றேன்.

சந்திக்கு நடந்து வந்து ஒரு கடையில் சாயா குடித்தோம். அவள் பழம்பொரி ஒன்று வாங்கி முழுதாகத் தின்றாள். வீட்டில் அம்மாவுக்கென்று இன்னும் இரண்டு பொதிந்து வாங்கிக்கொண்டாள். போகும்போது, கல் வைப்பதற்கு ஆள் சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த மாதமே வைத்தும் விட்டாள். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள்.

வராது என்று அவளிடம் சொன்னேனே தவிர, எனக்கு அது உறுதியாகத் தெரியாது. ஒன்றைக் கவனிக்க இன்னொன்றை வைத்தவன், அந்த இன்னொன்றைக் கவனிக்க வேறொன்றை வைக்காமல் இருந்திருப்பானா? வேலைக்கு இடையில் அவ்வப்போது தேடிப் பார்க்கிறேன். இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் அது தெரியும்.

சில காலைகளில் அவள் என்னை அழைப்பாள். திரையில் அவள் எண்ணைப் பார்த்ததும் என் கை கொஞ்சம் தயங்கித்தான் எடுக்கிறது. எடுத்து, என்ன மக்கா, என்ன ஆச்சு என்று கேட்பேன்.

"ஒண்ணும் இல்ல அக்கா," என்பாள். "சும்மா கூப்பிட்டேன்."